வெளிநாட்டு மன்றத்துக்குப் போகுமுன் – வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்

காவல் நிலையப் புகார்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, மனித உரிமை நீதிமன்றங்களை நேரடியாக அணுக முடியுமா என்று கேட்டுத் தென்காசி முதல் வள்ளியூர் வரை பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி வருவதால் இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை, அவர்கள் நலன் கருதி, வெளியிடவில்லை.

அம்பாசமுத்திரம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்: ஐயா, திருட்டு வழக்கில் சந்தேகம் என்று என் தம்பியைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய் இரண்டு நாள் வைத்து அடித்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் மனு கொடுத்துப் பார்த்தோம். முதல்வர் தனிப்பிரிவுக்கும் எழுதினோம். ஒன்றும் நடக்கவில்லை. இனி ஐரோப்பாவில் உள்ள மனித உரிமை நீதிமன்றத்துக்கோ ஐ.நா.வுக்கோ நேரடியாகப் போகலாமா?

பதில்: தங்கள் தம்பிக்கு நேர்ந்தது உண்மையாயின் அது குற்றம்; அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் தாங்கள் நினைக்கும் இரண்டு இடங்களிலும் இந்த வழக்கைத் தொடுக்க இயலாது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் சேர்ந்துள்ள 46 நாடுகளுக்கு எதிரான முறையீடுகளை மட்டுமே விசாரிக்கும். அமெரிக்கக் கண்டத்துக்குக் கோஸ்டாரிகாவின் சான் ஹோசேயிலும், ஆப்பிரிக்காவுக்குத் தான்சானியாவின் அருஷாவிலும் அதுபோன்ற நீதிமன்றங்கள் உள்ளன. ஆசியாவுக்கென்று அப்படி ஒன்று இல்லை. ஐ.நா.வைப் பொறுத்தவரை, குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979-இல் சேர்ந்தது. ஆனால் தனிமனிதர் ஜெனீவாவில் உள்ள மனித உரிமைக் குழுவிடம் முறையிட வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் சேரவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்டதோடு நிற்கிறது. அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. ஐ.நா.வின் தனி வல்லுநர்களான சிறப்பு அறிக்கையாளர்களுக்கு எழுதலாம். அதற்கு உள்ளூர் நீதிமன்றங்களில் முதலில் வழக்காடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அவர்கள் அரசிடம் விளக்கம் கேட்டு எழுதுவார்கள். அந்தக் கடிதம் தீர்ப்பாகாது.

ஆகவே தங்களுக்கு இருப்பது உள்நாட்டு வழிகள்தாம். தாங்கள் இதுவரை அலைந்ததில் அவற்றில் ஒன்றுகூடத் தொடங்கவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்த மனு, அவர் அலுவலகத்திலிருந்து காவல் துறைக்கே 'உரிய நடவடிக்கைக்காக' அனுப்பப்பட்டு, பல நேரங்களில் புகாருக்குள்ளான நிலையத்தின் மேசைக்கே வந்து சேரும். அது பிழையான செயல் என்று நான் சொல்லவில்லை. பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அந்த மனு பயன்படும். அடித்த காவலர் மீது வழக்குப் பதியவோ இழப்பீடு தரவோ ஆணையிடும் அதிகாரம் ஆட்சியரின் மேசைக்கு இல்லை.

செய்ய வேண்டியது இது. தம்பியை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு அரசு மருத்துவமனையிலோ சேர்த்திருந்தால், அங்கே காயங்களைப் பதிந்த விபத்துப் பதிவேட்டின் நகலை, ஏ.ஆர். காப்பி என்று கேட்டு, முதலில் வாங்குங்கள். நிகழ்ந்ததை நாள், நேரம், பெயர் விவரங்களோடு நிலையத்தில் புகாராகக் கொடுங்கள். கைதுசெய்தற்குரிய குற்றம் வெளிப்படும் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-இல் அறுதியிட்டிருக்கிறது. பதிய மறுத்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவின்படி அந்தப் புகாரைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். திருநெல்வேலி மாநகர எல்லைக்குள் நடந்ததென்றால் மாநகரக் காவல் ஆணையரகத்துக்கு அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையெனில், 175-ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவரிடம் உறுதிமொழிப் பத்திரத்தோடு மனுச் செய்யலாம். குற்றம் சாட்டப்படுபவர் பொது ஊழியர் என்பதால், நடுவர் மேலதிகாரியின் அறிக்கையைக் கேட்டுப் பெற்று முடிவெடுக்கவும் அதே பிரிவில் இடமுண்டு. இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் நடுவர் கேட்கும் முதல் கேள்வி, 'கண்காணிப்பாளருக்கு அனுப்பினீர்களா, ரசீது எங்கே?' என்பதாகவே இருக்கும். அந்தத் தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் புகார் நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதில் தேதியும் எண்ணும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு இணையாக மாநில மனித உரிமை ஆணையத்திலும் தமிழிலேயே, கட்டணமின்றி முறையிடலாம். இதில் ஒரு கெடு இருக்கிறது: நிகழ்ச்சி நடந்து ஓராண்டு கடந்துவிட்டால், 1993-ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 36(2) பிரிவின்படி ஆணையம் அதை விசாரிக்க முடியாது. திங்கட்கிழமை மனுக்களில் கழிந்த மாதங்கள் இந்த ஓராண்டிலிருந்துதான் கழிகின்றன. ஆணையத்தின் பரிந்துரை வெறும் பரிந்துரைதானே என்று பலர் அலட்சியமாகச் சொல்வதுண்டு. ஆனால் அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. அதே 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு மாவட்ட அமர்வு நீதிமன்றத்தையே மனித உரிமை நீதிமன்றமாகக் குறிப்பிட வழிசெய்தாலும், அங்கு வழக்கு எந்த நடைமுறையில் நடக்க வேண்டும் என்று விரித்துச் சொல்லாமல் விட்டுவிட்டதால், அந்தப் பெயர்ப்பலகையை நம்பி மற்ற வழிகளைக் கைவிட வேண்டாம்.

சேரன்மகாதேவியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: மாவட்ட நீதிமன்றம் வரை போய்த் தோற்றால்தான் மதுரைக்குப் போகலாமா? உயர் நீதிமன்றமும் 'வேறு வழி இருக்கிறது, அங்கே போ' என்று திருப்பி அனுப்பிவிடுகிறதே?

பதில்: அரசமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் வரும் நீதிப்பேராணை (ரிட்) மனுக்களில், மாற்றுத் தீர்வழி இருக்கும்போது உயர் நீதிமன்றம் தலையிடத் தயங்குவது உண்மை. ஆனால் அது நீதிமன்றம் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு. வாயிலை அடைக்கும் தடை அன்று. அடிப்படை உரிமையை நிலைநாட்டக் கோரும்போதும், இயற்கை நீதி மீறப்பட்டிருக்கும்போதும், அதிகாரமே இல்லாதவர் ஆணை பிறப்பித்திருக்கும்போதும், சட்டமே செல்லாது என்று வாதிடும்போதும் மாற்றுத் தீர்வழி இருப்பது தடையாகாது என்று வேர்ல்பூல் வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒருவரைக் காவலில் வைத்திருப்பதை எதிர்க்கும் ஆட்கொணர்வு மனுவை நேராக மதுரைக் கிளையில் தாக்கல் செய்யலாம். 2004 ஜூலையில் அந்தக் கிளை திறக்கப்பட்ட பிறகு நம் பகுதியினர் இதற்காகச் சென்னைக்கு இரவு ரயில் ஏற வேண்டியதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது அதே கிளை தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டதையும், வழக்கு பின்னர் சி.பி.ஐ.க்குப் போனதையும் நாம் பார்த்தோம். எல்லா வழக்குகளுக்கும் அந்த வேகம் வாய்க்காது என்பது வேறு.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி: என் மகளும் மாப்பிள்ளையும் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார்கள். ஒன்றரை வயதுப் பேத்தியின் கையில் இருந்த காயத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அங்குள்ள சிறார்நல அலுவலகம் குழந்தையை எடுத்து வேறொரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டது. குடும்ப நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் தோற்றுவிட்டோம். தூதரகத்துக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் நான் இங்கிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறார்கள். அவர்கள் இந்தியக் குடிமக்கள், போக முடியுமா?

பதில்: அம்மா, முடியும். அந்த உடன்படிக்கை ஒரு நாட்டின் ஆட்சி எல்லைக்குள் இருக்கும் எவருக்கும் பொருந்தும். கடவுச்சீட்டின் நிறத்தை அது பார்ப்பதில்லை. குடும்ப வாழ்வுக்கான மதிப்பைக் காக்கும் 8-ஆம் பிரிவின்கீழ் தங்கள் மகள் முறையிடலாம். பிறந்த குழந்தையை மருத்துவமனையிலிருந்தே எடுத்துச் சென்றது உட்பட ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் அனைவரையும் அவசரமாகப் பிரித்த வழக்கில், 2004-இல் அந்த நீதிமன்றம் ஜெர்மனியின் செயல் உரிமை மீறலே என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் தங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனத்தில் எழுந்த கேள்வி, மேல்முறையீட்டுத் தீர்ப்பு அவர்கள் கையில் எந்தத் தேதியில் கிடைத்தது என்பதே.

மேல்முறையீட்டில் தோற்றதோடு ஜெர்மனியில் வழிகள் முடிந்துவிடுவதில்லை. கார்ல்ஸ்ரூ நகரில் உள்ள கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றத்தில், தீர்ப்புக் கிடைத்த ஒரு மாதத்துக்குள், காரணங்களை முழுமையாக எழுதி, அரசமைப்பு முறையீடு தாக்கல் செய்ய வேண்டும். அந்த நீதிமன்றம் பெரும்பாலான முறையீடுகளைக் காரணம்கூடச் சொல்லாமல் ஏற்க மறுப்பது வழக்கம். அதனால் 'வீண் வேலை' என்று அங்குள்ளவர்களே சிலர் சொல்லக்கூடும். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம். கார்ல்ஸ்ரூ காரணமின்றி மறுத்தாலும், முறையாகப் போய் மறுக்கப்பட்டவர் ஸ்ட்ராஸ்பர்க்கில் நிற்கலாம். போகாதவரும், ஒரு மாதக் கெடுவைத் தவறவிட்டவரும், அரைகுறையாக எழுதியதால் தள்ளப்பட்டவரும் உள்நாட்டுத் தீர்வழிகளை முடிக்கவில்லை என்று அங்கே திருப்பி அனுப்பப்படுவார்கள்.

அடுத்தது, எதைச் சொல்லி முறையிடுகிறோம் என்பது. ஸ்ட்ராஸ்பர்க்கில் எழுப்பப் போகும் குறையை, அதே சொற்களில் இல்லாவிட்டாலும் அதன் சாரத்தையேனும், ஜெர்மன் நீதிமன்றங்களில் எழுப்பியிருக்க வேண்டும். மேல்முறையீட்டில் மருத்துவ அறிக்கையின் பிழைகளை மட்டும் பேசிவிட்டு, பெற்றோர் உரிமை பறிக்கப்பட்டது என்பதைப் பேசாமல் விட்டிருந்தால், அரசமைப்பு முறையீட்டிலாவது ஜெர்மன் அரசமைப்பின் குடும்பத்தைக் காக்கும் 6-ஆம் பிரிவை எடுத்து வைக்க முடியுமா என்று அவர்களுடைய வழக்கறிஞரிடம் உடனே கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் சொல்லாத குறையை ஊர்க்கூட்டத்தில் முதன்முதலாக எடுத்து வைத்தால் நாட்டாமை எப்படி முகம் சுளிப்பாரோ அப்படித்தான் அந்த நீதிபதிகளும் பார்ப்பார்கள்.

கார்ல்ஸ்ரூவின் முடிவு வந்த பிறகு ஸ்ட்ராஸ்பர்க்கில் முறையிட இருக்கும் கெடு நான்கு மாதங்கள். முன்பு இது ஆறு மாதமாக இருந்தது. ஐரோப்பிய உடன்படிக்கையைத் திருத்திய 15-ஆம் நெறிமுறை வந்ததன் பயனாக 2022 பிப்ரவரி 1 முதல் நான்காகக் குறைந்தது. பழைய புத்தகத்தையோ பழைய வழக்கறிஞரின் நினைவையோ நம்பி ஆறு மாதம் என்று இருந்துவிடக் கூடாது. நீதிமன்றத்தின் அதிகாரபூர்வப் படிவத்தை முழுமையாக நிரப்பி, தீர்ப்பு நகல்கள் அனைத்தையும் இணைத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். 2014-ஆம் ஆண்டு முதல் இதில் மிகவும் கண்டிப்பாக இருக்கிறார்கள். அரைகுறைப் படிவம் கெடுவை நிறுத்தாது. கட்டணம் கிடையாது.

தாங்கள் தூதரகத்துக்கும் அமைச்சகத்துக்கும் எழுதும் கடிதங்களை நிறுத்தச் சொல்லவில்லை. குழந்தையைப் பார்க்க அனுமதி பெறுவதற்கும், பேத்தியின் காதில் தமிழ் விழுவதற்கு ஏற்பாடு செய்வதற்கும் அவை உதவலாம். ஆனால் அவை சட்டத்தின் பார்வையில் தீர்வழிகள் அல்ல. அவற்றுக்குப் பதில் வரும்வரை மேற்சொன்ன எந்தக் கெடுவும் காத்திருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்ட்ராஸ்பர்க்கில் தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் குழந்தைக்கு வளர்ப்புக் குடும்பமே வீடாகிவிடும். குழந்தையைப் பிரித்து வைக்கும் ஆணையைக் குடும்ப நீதிமன்றம் உரிய இடைவெளிகளில் மறுஆய்வு செய்ய ஜெர்மன் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. எனவே சந்திப்பு நேரத்தை அதிகப்படுத்தக் கோரியும் ஆணையை மாற்றக் கோரியும் அங்கேயே புதிய மனுக்களை இடைவிடாமல் போடுவது, என் கருத்தில், ஸ்ட்ராஸ்பர்க் வழக்கைவிட அவசரமானது.

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு சட்டக் கல்லூரி மாணவர்: அரசே குற்றவாளியாக இருக்கும்போது அதே அரசின் நீதிமன்றத்தில் போய் நில் என்பது, திருடன் வீட்டில் போய்த் திருட்டுப் புகார் கொடு என்பதுபோல் இல்லையா? விதிவிலக்கே கிடையாதா?

பதில்: விதிவிலக்குகள் உண்டு, அவற்றைப் படித்தால்தான் விதியின் பொருளே விளங்கும். உள்நாட்டுத் தீர்வழிகளை முதலில் முடிக்க வேண்டும் என்னும் இந்த விதி மனித உரிமைச் சட்டத்தில் பிறந்ததன்று. வெளிநாட்டவருக்கு இழைக்கப்பட்ட தீங்குக்காக அவருடைய நாடு வழக்காடுவதற்கு முன், தீங்கிழைத்த நாட்டுக்கே அதைச் சரிசெய்ய ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்னும் பழைய வழக்காறு அது. நாடுகளுக்கிடையிலான வழக்குகளை விசாரிக்கும் ஹேக் நகரப் பன்னாட்டு நீதிமன்றம் 1959-இல் இன்டர்ஹாண்டல் வழக்கில் சுவிட்சர்லாந்தின் மனுவை இந்தக் காரணத்துக்காகவே ஏற்க மறுத்தது. அங்கிருந்து ஐரோப்பிய உடன்படிக்கையின் 35-ஆம் பிரிவுக்கும், அமெரிக்கக் கண்ட மனித உரிமை உடன்படிக்கையின் 46-ஆம் பிரிவுக்கும், ஆப்பிரிக்க மனித உரிமைச் சாசனத்தின் 56-ஆம் பிரிவுக்கும் வந்தது.

விதி கேட்பது, பயன் தரக்கூடிய தீர்வழியைத்தான். காம்பியாவிலிருந்து வந்த ஜவாரா வழக்கில் ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம் 2000-இல் சொன்னபடி, அந்த வழி கிடைக்கக்கூடியதாகவும், பலிக்கக்கூடியதாகவும், குறையைத் தீர்க்கப் போதுமானதாகவும் இருக்க வேண்டும். ஹோண்டுராஸ் நாட்டில் ஒரு மாணவர் 1981-இல் காணாமலாக்கப்பட்டபோது அவருக்காக ஆட்கொணர்வு மனுக்கள் போடப்பட்டன. குற்றப் புகார்களும் கொடுக்கப்பட்டன. எதுவும் நகரவில்லை. வழிகள் முடியவில்லை என்று அரசு வாதிட்டபோது, அமெரிக்கக் கண்ட மனித உரிமை நீதிமன்றம் 1988-இல் வெலாஸ்கெஸ் ரோட்ரிகெஸ் தீர்ப்பில் அதை ஏற்கவில்லை: ஏட்டில் இருந்தும் நடைமுறையில் பலிக்காத வழிகளில் போய்வருவது பொருளற்ற சடங்கு என்றது. வழி இருக்கிறது என்று சொல்லும் அரசே அது எது, எப்படிப் பலிக்கும் என்று காட்ட வேண்டும் என்றும் வைத்தது. 1990-இல் அதே நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து ஒன்றில், வறுமையால் வழக்கறிஞர் வைக்க இயலாதவருக்கும், அச்சத்தால் எந்த வழக்கறிஞரும் முன்வராத சூழலில் உள்ளவருக்கும், சட்ட உதவி இல்லாமல் உரிமையைக் காக்க முடியாதெனில், இந்த விதி பொருந்தாது என்றது. இந்த இரண்டாவது காரணத்தை நான் முதன்முறை படித்தபோது, நம் பக்கத்துச் சாதிக் கலவர வழக்குகள் சிலவற்றில் உள்ளூர் வக்கீல்கள் வக்காலத்து வாங்கத் தயங்கியது நினைவுக்கு வந்தது.

துருக்கியின் தென்கிழக்கில் 1992 நவம்பரில் கெலெக்சி கிராமத்தில் வீடுகள் எரிக்கப்பட்டன. எரித்தது பாதுகாப்புப் படை என்றனர் கிராமத்தார். அவர்கள் உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போகாமலே ஸ்ட்ராஸ்பர்க் வந்தார்கள். 1996-இல் அக்திவர் தீர்ப்பு அவர்களை ஏற்றுக்கொண்டது. விசாரணை என்ற ஒன்றே நடக்காத நிலையும், முறையிட்டால் தங்களுக்கு ஆபத்து வரும் என்ற அச்சத்துக்கு இருந்த அடிப்படையும் கணக்கில் எடுக்கப்பட்டன. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வரி இருக்கிறது, அதை மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள்: வெற்றி கிடைக்குமா என்ற வெறும் ஐயம், போகாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. திருடன் வீடு என்ற தங்கள் உவமை கெலெக்சிக்குப் பொருந்தும். நடுவர் வேறு, காவலர் வேறு என்று பிரிந்து இயங்கும் இடத்துக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

திருநெல்வேலி மறுவாழ்வு முகாமிலிருந்து ஓர் இலங்கைத் தமிழர்: இலங்கையில் இருக்கும் என் அண்ணனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஐ.நா.வுக்கு எழுதலாமா?

பதில்: இந்தியருக்கு இல்லாத ஒரு வழி தங்கள் அண்ணனுக்கு இருக்கிறது. இலங்கை 1997 அக்டோபரில் விருப்ப நெறிமுறையில் சேர்ந்தது. அது 1998 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்ததால், அதற்குப் பிந்திய மீறல்களுக்காக ஜெனீவாக் குழுவிடம் முறையிடலாம். அதற்கு முன் இலங்கை அரசமைப்பின் 126-ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட வேண்டும். அதற்கான கெடு ஒரே மாதம். உறவினரைத் தேடி முகாம் முகாமாக அலையும் குடும்பத்துக்கு ஒரு மாதம் எந்த மூலைக்கு? இதற்கு ஓரளவு நிவாரணம் உண்டு: அந்த மாதத்துக்குள் இலங்கை மனித உரிமை ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கெடுவில் கணக்கிடப்படாது. அங்குள்ள உறவினர் யாரேனும் இன்றே போய்ப் பதிந்து எண்ணை வாங்கட்டும்.

நெறிமுறையில் இலங்கை சேர்ந்த விதம் அந்நாட்டு அரசமைப்புக்கு முரணானது என்று 2006-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெனீவாக் குழு அதன் பிறகும் இலங்கை வழக்குகளை ஏற்றுக் கருத்துரைத்து வருகிறது. அந்தக் கருத்துரைகளை உள்ளூரில் நடைமுறைப்படுத்துவதுதான் இடர். உள்நாட்டு வழக்கு நியாயமற்ற அளவுக்கு இழுக்கப்பட்டால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று நெறிமுறையின் 5-ஆம் பிரிவே சொல்கிறது. வாய்தாத் தேதிகளின் பட்டியலை அதற்காகவே குறித்து வையுங்கள். எல்லா வழியும் முடிந்து ஐந்தாண்டுக்குப் பிறகு வந்தால் தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

வள்ளியூரிலிருந்து ஒரு வாசகர்: பாகிஸ்தானில் பிடிபட்ட இந்தியர் குல்பூஷண் ஜாதவுக்காக ஹேக் நீதிமன்றத்துக்குப் போனார்களே, நமக்காக யாரும் போக மாட்டார்களா? போனால் மனுவைத் தமிழில் எழுதலாமா?

பதில்: ஹேக் நகரில் உள்ள பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்காடுவது நாடுகள் மட்டுமே. 2017-இல் பாகிஸ்தானுக்கு எதிராக அங்கே போனது இந்திய அரசு. தன் குடிமகனைத் தூதரக அதிகாரிகள் சந்திக்க விடாதது தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கைக்கு மாறானது என்பது வழக்கு, 2019 ஜூலையில் இந்தியாவுக்குச் சாதகமான தீர்ப்பும் வந்தது. இந்தியக் குடிமகன் இந்திய அரசின் மேல் தொடுக்கும் வழக்குக்கு அங்கே இடமில்லை.

தமிழைப் பொறுத்தவரை, தேசிய, மாநில மனித உரிமை ஆணையங்களுக்குத் தாராளமாக எழுதலாம். அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் எல்லாவற்றையும் தேசிய ஆணையத்தின் விதிகள் ஏற்கின்றன. ஸ்ட்ராஸ்பர்க் படிவத்தை உறுப்பு நாடுகளின் ஆட்சிமொழி ஒன்றில் நிரப்ப வேண்டும். ஜெனீவாவில் முறையீடு ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், ரஷ்யன் ஆகியவற்றில் ஒன்றில் இருக்க வேண்டும். தமிழ்ப் புகார், தமிழ் மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் மொழிபெயர்ப்போடு மூலத்தின் நகலையும் சேர்த்தே அனுப்புங்கள். தேதியும் முத்திரையும் மூலத்தில்தான் இருக்கும்.